நாற்பது நாள் முடியட்டும்

மார்ச் 24, செவ்வாய்

காலையிலேயே வியர்வை. ஆறரைக்கே குழாய் நின்றுபோனது. அவர் குடையை மறந்து கடைக்குப் போனார். சாயங்காலம் மழை. சாலை பஜாரிலிருந்து நனைந்து வந்து என்மேல் எரிச்சல். ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற கடைக்காரர் பின்னால் குடை தூக்கிக்கொண்டு நானா ஓட வேண்டும்?

பியூலா இன்றும் உபவாசம். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து தொடங்கி நாலு வாரம். சபையில் மற்ற பிள்ளைகள் வெள்ளிக்கிழமை ஒரு நேரம் விடுகிறார்கள். என் மகள் தினமும். சாயங்காலம் கொஞ்சம் கஞ்சி, அதிலும் பாதி மிச்சம்.

வாங்க வேண்டியது: துவைக்கிற சோப்பு. தேங்காய். ஈஸ்டருக்கு பி.க்கு வெள்ளைத் துணி. வளையல் சின்ன அளவில் (பழையது முழங்கை வரை ஏறுகிறது).

மார்ச் 27, வெள்ளி

மாதர் சங்கக் கூட்டம். போதகர் வந்திருந்தார். பி.யை எழுப்பி முன்னால் நிறுத்தினார். “நம்ம பியூலாவப் பாருங்க. பதினேழு வயசு. காலேஜ் பரீட்சை நேரம். உபவாசத்த விட்டாளா? பெரியவங்க நமக்கு வெக்கமா இருக்கணும்.” எல்லோரும் அல்லேலூயா. என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எழுந்தேன். “கர்த்தரு எனக்க மோளுக்கு நல்ல பெலன் குடுக்காரு” என்றேன். பொய் எழுதுவானேன், சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. இருபது வருஷமாக அந்தச் சங்கத்தில் பாய் விரிக்கிறேன், யாரும் என்னை எழுப்பிப் பேசச் சொன்னதில்லை.

திரும்பி வரும் வழியில் பி. இரண்டு தடவை மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டால், “செருப்பு கடிக்கும்மா.”

மார்ச் 30, திங்கள்

ஆபீசில் பக்கத்து டைப்ரைட்டர் மலையாளத்துக்காரி சாந்தகுமாரி. நேற்று பஸ் ஸ்டாப்பில் பி.யைப் பார்த்தாளாம், என்ன ஆயிற்று அவளுக்கு என்று கேட்டாள்.

“சேச்சி, மோளுக்கு எந்து பற்றி? இந்தச் சூட்டில் ஸ்வெட்டரோ?”

எங்களுக்கு இது லெந்து காலம், உனக்குத் தெரியாது என்று கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன்.

“நானும் விரதம் எடுக்கும் சேச்சி. முடிஞ்ஞால் வயறு நிறைய தின்னும். ஆ குட்டி தின்னுமோ?”

முடிந்ததும் என் பிள்ளை தின்னுமா என்று கேட்டுவிட்டாள். கோபம். ஒரே கடிதத்தை மூன்று தடவை தப்பாக அடித்தேன். சூப்பரண்டு முறைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பி.யின் அலமாரியைத் திறந்தேன். திறக்கக் கூடாதுதான், திறந்தேன். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. மாதவிலக்குக்கு மாதாமாதம் நான் வாங்கி வைக்கிற பொட்டலம், பிரிக்காமல் மூன்று. லெந்து தொடங்கி ஒரு மாதம்தானே. பொட்டலம் மூன்று.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் இது உபவாசம் இல்லை. லெந்துக்கு முன்பே தொடங்கியிருக்கிறது. உபவாசம் என்று பேர் வைத்தது நாங்கள்.

ஏப்ரல் 1, புதன்

அவரிடம் சொன்னேன். பேப்பரைத் தாழ்த்தாமலே கேட்டுக்கொண்டார்.

“பரீட்சை டென்ஷனாக்கும். நாப்பது நாள் முடியட்டு. ஈஸ்டருக்கு கோழி வெச்சா தானா திம்பா.”

“அதுவர தாங்குவாளா?”

“சபையில எழும்பி நிண்ணு சாட்சி சொன்னது நீ. இப்பம் பிள்ளைக்கு சீக்குண்ணு சொன்னா நம்ம மொகத்த எங்க கொண்டு வெக்க?”

எனக்கும் அதே பயம்தான், அவர் வாய் விட்டுச் சொல்லிவிட்டார். காலண்டரில் நாட்களை அடிக்க ஆரம்பித்திருக்கிறேன். இன்னும் பதினொன்று.

கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஏப்ரல் 4, சனி

தலைவலி. மதியமே ஆபீசிலிருந்து வந்துவிட்டேன். உள்ளே டி.வி. சத்தம். பி. தனியாகத் தரையில். என் அண்ணன் மகளின் கல்யாணக் கேசட் ஓடுகிறது, போன செப்டம்பரில் மார்த்தாண்டத்தில் நடந்தது. பந்தி காட்டுகிறார்கள். வீடியோக்காரன் வரிசையாக எல்லோர் முகத்திலும் விளக்கடித்துக்கொண்டு வருகிறான், பி.யிடம் வந்ததும் நின்றுவிடுகிறான். வாய் நிறையப் பிரியாணி. விளக்கைப் பார்த்ததும் கையால் வாயை மறைக்கிறாள், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவன் நகரவே மாட்டேன் என்கிறான், பாவி.

பி. பின்னால் ஓட்டினாள். மறுபடி அதே இடம். மறுபடி. நான் வாசலில் செருப்போடு நின்றேன்.

இந்தக் கேசட் வந்த அன்று இதே ஹாலில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தோம். இந்த இடம் வந்ததும் அண்ணன், “இவளுக்கு ஒரு பந்தி தனியா போடணும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? “பாவாடைக்கு அளவெடுக்க வந்த தையல்காரனுக்கு டேப்பு காணாம போச்சு” என்றேன். டேப்பு காணத்தான் செய்தது, நீளம் போதாமல் இல்லை. எல்லோரையும் இன்னொரு தடவை சிரிக்கவைக்க நானாகச் சேர்த்தது. பி.யும் அன்று சிரித்தாள். எழுந்து காலித் தட்டுகளை அடுக்கி உள்ளே கொண்டுபோனாள்.

கேசட்டை வெளியே எடுத்தேன். அவள் என்னிடம் கத்தியது இதுதான் முதல் தடவை. “அதத் தாங்கம்மா! அது எனக்கு வேணும்!” பிடுங்கப் பார்த்தாள். கையில் பலமே இல்லை. என் சுண்டுவிரலே போதுமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்கவில்லை. சாயா போட்டுக் கொடுத்தேன், ஆறிக் கிடந்தது.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. மின்விசிறி பேருக்குச் சுற்றியது. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தைப் பிரசங்கம் நடக்கும்போது பி. பெஞ்சிலிருந்து சரிந்தாள்.

என்ன சொன்னார்கள், எழுதி வைக்கிறேன்:

“உபவாச மயக்கம், பாவம்.”

“எவ்வளவு பக்தி பாத்தியா.”

“எனக்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, நாலு நேரம் திங்கும்.”

நான்தான் தூக்கிப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனேன். இடுப்பு வலியால் குடம்கூடத் தூக்காத நான், பதினேழு வயதுப் பெண்ணைத் தனியாக இரண்டு கையில் ஏந்திக்கொண்டு நடந்தேன். அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் அது அதிசயமாகப் படவில்லை.

போதகர் வந்தார். “தைரியமா இருங்கம்மா. இன்னும் ரெண்டு நாள்தானே.” ஆமாங்க என்றேன். என் நாக்கு அழுகிப் போகட்டும்.

ஏப்ரல் 12, ஈஸ்டர்

விடிகாலை ஆராதனை முடிந்து வந்து அப்பம், கோழிக்கறி. மூன்று தட்டு. இவர் தன் தட்டைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தின்னு மோளே. முடிஞ்சுல்லா.”

பி. அப்பத்தைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டு ஓரத்தில் அடுக்கினாள். பிறகு தலை நிமிராமல், “பெந்தெகொஸ்தே வர பொருத்தனை பண்ணியிருக்கேம்ப்பா.”

அதுவரை தின்னமாட்டேன் என்று நேர்ந்திருக்கிறாள். இன்னும் ஐம்பது நாள்.

இவர் ஒரு துண்டைக் குழம்பில் தொட்டு அவள் வாய்க்கு நேரே கொண்டுபோனார். பல்லை இறுக்கிக்கொண்டாள். புது வெள்ளைத் துணியெல்லாம் குழம்பு. இவர் கையைக் கழுவாமல் பின்கட்டுக்குப் போனார். அழுகிற சத்தம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை.

நான் கத்தினேன். “கர்த்தரு கேட்டாரா உனக்க பொருத்தனைய?” அவள் நடுங்கினாள். கத்தியிருக்கக் கூடாது. அவளோடு சண்டைபோட்டு என்ன ஆகப்போகிறது.

கட்டின சேலையோடு போதகர் வீட்டுக்குப் போனேன். கேக்கோடு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இருக்கட்டும் என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன். “இனி எனக்க பிள்ளைக்க பேர பிரசங்கத்துல சொல்லாதீங்க. அவ உபவாசம் இல்ல. அவளுக்கு சீக்கு. எனக்குத் தெரிஞ்சும் நான் மறைச்சேன்.” யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. போதகர் கேக்குத் தட்டைக் கீழே வைத்தார். “எனக்குத் தெரியாமப் போச்சேம்மா” என்றார். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், வண்டி நான் அனுப்புகிறேன் என்றார்.

ஏப்ரல் 13, திங்கள்

லீவு சொல்ல மறந்துபோனேன். ஆஸ்பத்திரி. எடுத்து வந்தது: போர்வை, ஃபிளாஸ்க், இரண்டு நைட்டி, பைபிள். பைபிளைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பி.யோடு தனியாக அரை மணி. பிறகு என்னைக் கூப்பிட்டார். நெஞ்சுத் துடிப்பு ரொம்ப மெதுவாம், இன்றே சேர்க்க வேண்டும். நான் வளர்த்த லட்சணம் என்று ஆரம்பித்தேன். “அதொக்கெ பின்னெ அம்மே. இது பிடிவாதமல்ல, அசுகமாணு” என்றார். அதெல்லாம் பிறகு, இது பிடிவாதமில்லை, நோய். இதை யாராவது சொல்லமாட்டார்களா என்று இத்தனை நாள் இருந்திருக்கிறேன் போல. அழுகை வந்தது.

பிழைப்பாளா என்று கேட்டேன். பார்க்கலாம், ரொம்ப நாள் ஆகும் என்றார். பிழைப்பாள் என்று சொல்லவில்லை.

மூன்று மணி. வார்டில் நானும் அவளும். கேட்டேவிட்டேன். “மோளே, உனக்குப் பசிக்கவே செய்யாதா?”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

“பசிக்கும்மா. எப்பவும் பசிக்கும். உறக்கத்துலயும் பசிக்கும்.”

“பின்ன ஏன் மக்கா சொல்லல்ல?”

“சொன்னா திங்கச் சொல்லுவீங்களே.”

நர்ஸ் கஞ்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.