நான் நிரப்பிய ஏழு கட்டங்கள்

என் தங்கம் வசந்திக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எதிர்வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்துவிட்டார்கள். உன் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், கவலைப்படாதே. நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மைசூரில் வீட்டிலிருந்தபடி ஊதுபத்தி உருட்டும் நம் தமிழ்ப் பெண்களைப் பற்றிய உன் ஆய்வுக்கு என்னையும் கூட்டிப்போனாயே. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என் கையில் கேள்வித்தாள் கட்டைக் கொடுத்து, "கேளுங்க, அப்புறம் வாயை மூடிக்குங்க. பதிலை நீங்க எடுத்துக்குடுக்காதீங்க. சொல்லலேன்னா கட்டத்தைக் காலியா விட்டுடுங்க அக்கா" என்றாய்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு மிச்ச வீடுகளில் சிலவற்றுக்கு நான் தனியாகப் போனேன். 'வீட்டில் முக்கிய முடிவுகளை எடுப்பது யார்?' என்ற கேள்விக்கு ஏழு பேர் வாய் திறக்கவில்லை. கணக்கு நோட்டில் ஒரு வரி விட்டுப்போனாலும் தூக்கம் வராதவள் நான். தெரிந்த குடும்பங்கள்தானே என்று ஏழு கட்டத்திலும் 'கணவர்' என்று எழுதிவிட்டேன். சாமி விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்துதான் எழுதினேன். பொய் என்றே தோன்றவில்லை.

போன மாதம் உன் பேராசிரியை கூப்பிட்டார். ஆய்வை உன் பெயரிலேயே முடிக்கப்போகிறாராம், தாள்களைக் கேட்டார். கட்டைப் பிரித்தால் அடியில் ஒரு தாள். ஒத்திகைக்காக என்னையே கேட்டு நீ எழுதியது. அதே கேள்வி. கட்டம் காலி. ஓரத்தில் உன் பென்சில் எழுத்து: 'சிரித்தார். பதில் சொல்லவில்லை.'

மூன்று வருடம் எதிரெதிரே இருந்தோம். என் வீட்டில் எது யார் சொல்லி நடக்கிறது என்று உனக்குத் தெரியாதா? தெரிந்தும் எழுதாமல் விட்டிருக்கிறாயே! சந்நிதியில் திரை விலகியதும் பேச்சு வராமல் நிற்போமே, அப்படி நின்றேன் அந்தத் தாள் முன்னால்.

மறுநாளே செல்வி வீட்டுக்குப் போனேன். கொள்ளேகால் பக்கத்துக்காரி, ஏழு பேரில் ஒருத்தி. கை பத்தி உருட்டிக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க்கா, மறுபடியும் அந்தப் பேப்பருங்களா?"

"அன்னிக்கு ஏன் பதில் சொல்லலே செல்வி?"

"நீங்க ஞாயித்துக்கெழமையாப் பாத்து வந்தீங்க. அவரு கட்டல்ல உக்காந்துட்டு என்ற வாயவே பாத்துட்டிருந்தாரு. நானுன்னு சொன்னா ராத்திரிக்குச் சோறு எறங்குமா? அவருன்னு சொல்றதுக்கும் மனசு வரலீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "புள்ளயக் காலேஜுல சேத்துனது ஆருங்கறீங்க? முடிவு என்னுது, பேரு அவருது. அதுல என்ற பேரு போட மாட்டீங்கல்ல?"

"பேரே கிடையாது. நம்பர்தான்."

ஞாயிறு என்பது என் யோசனை, வசந்தி. பெண்கள் ஓய்வாக இருப்பார்கள் என்று நினைத்தேன். பால் வராத நாளுக்குக் காலண்டரில் பெருக்கல் குறி போடத் தெரிந்த எனக்கு, ஒருத்தி பேசாததைக் குறித்துவைக்கத் தெரியவில்லையே!

மற்ற ஆறு வீடுகளுக்கும் போனேன். ஒருத்தி இப்போதும் பேசவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

உன் உழைப்பே என்னால் வீணாகுமோ என்ற பயத்தோடுதான் பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், எதையும் அழிக்க வேண்டாம், நீங்கள் எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அன்றைக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள் என்றார். மறுமுறை சொன்னவை தனித்தாளில். அவர் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன்.

உன் ஒத்திகைத் தாளை மட்டும் தொடவில்லை. ஆனால் பதிலை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்? உன்னோடு வருவதற்கு நான் வீட்டில் அனுமதி கேட்கவில்லை. "நாளையிலிருந்து போறேன்" என்று சொன்னேன், அவ்வளவுதான்.

உன் பட்டியலில் இன்னும் பதினொரு வீடு பாக்கி. வார நாளில், ஆண்கள் வேலைக்குப் போன பிறகு போவேன். கேட்பேன், வாயை மூடிக்கொள்வேன். யாருடைய மௌனத்தின் மேலும் இனி என் பேனா படாது. இது நம் சாமுண்டித் தாய் மேல் சத்தியம்.

உன் கேள்விக்கு அன்று சிரித்து மழுப்பிய,
எதிர்வீட்டு அக்கா