எட்டு மணிக்குக் கூப்பிடு, லைன் காலியாக இருக்கும்

சுங்காய்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் மாதுமைக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே இருக்கிறபடி இருக்கிறோம், நீ அந்த லீட்ஸ் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க முருகன் துணையிருக்கட்டும். அம்மாவுக்கு வலது கால் கொஞ்சம் ஊன்ற வருகிறது, கையும் வாயும் இன்னும் வழிக்கு வரவில்லை. பக்கவாதம் மெதுவாகத்தான் சரியாகும் என்று டாக்டர் சொல்கிறார். எவ்வளவு மெதுவாக என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. சமைப்பது, அவளைக் குளிப்பாட்டுவது, துணி துவைப்பது என்று பொழுது போய்விடுகிறது. களைப்பாக இருக்கிறது பிள்ளை, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

அம்மாவை உன் கண்ணில் காட்டாமல் நான் மறைக்கிறேன் என்றும், நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்றும் அனுப்பிய செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. மறைக்கவில்லை. ரப்பர் தோட்டம் இருந்த இடம் முழுக்க இப்போது வீடுகள், எல்லா வீட்டுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் நிற்கிற அந்த ஒரு போன் டவர்தான். உனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் இங்கே இரவு எட்டு, அப்போதுதான் தாமான் குடியிருப்பு முழுக்க நாடகமும் பந்து விளையாட்டும் போனில் பார்க்கிறது. நீ கூப்பிட்டால் உன் முகம் பாதி வந்து அப்படியே நின்றுவிடும், குரலும் அறுந்துபோகும்.

அதனால்தான் கௌஸ் சாப்பாட்டுக் கடைக்குப் போகத் தொடங்கினேன். அங்கே வைஃபை சும்மா கிடைக்கிறது, ஆனால் சும்மா உட்கார என்னால் முடியாதே. கடைக்காரர் முகம்மது கௌஸ், அண்ணே நீங்க பேசுங்க, தண்ணி எல்லாம் குடிக்கணும்னு இல்ல லா என்று சொல்லத்தான் செய்தார். வெட்கப்பட்டுக்கொண்டு ஒவ்வொரு முறையும் பால் ஊற்றி ஆற்றிய தே தாரேக் டீ வாங்கிக் குடித்தேன், இப்போது சீனி ஏறிவிட்டது என்று கிளினிக்கில் நன்றாக ஏச்சு வாங்கினேன். போன வாரம் அம்மாவையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனது என் புத்திகெட்ட வேலை. சத்தம் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைப் போட்டேன். அம்மா முகத்தை இப்படித் திருப்புங்க, வாய் எவ்வளவு கோணியிருக்குன்னு பார்க்கணும் என்று நீ பாசத்தில்தான் கேட்டாய். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சால்வையை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள், நான் போனை அடைத்துவிட்டேன். அன்றிலிருந்து போன் அடித்தாலே அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். உன் மேல் கோபம் இல்லை, நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்ற வேதனை.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நம் பாலாய் ராயா பொது மண்டபத்தில் இலவச வைஃபை போட்டிருக்கிறார்கள். படம் பார்க்கிறவர்கள் அங்கே வந்து பாருங்கள், டவருக்குக் கொஞ்சம் பாரம் குறையும் என்று குடியிருப்போர் சங்கத்தில் அறிவித்தார்கள். தாமானே பாயும் நாற்காலியுமாகக் கிளம்பிப் போனது. நான் அம்மாவை விட்டு எங்கே போவது, வீட்டில் இருந்தேன். சும்மா போனைத் தட்டினால் நல்லூர்த் திருவிழா வீடியோ ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடுகிறது! அம்மாவும் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பித் தேரைப் பார்த்தாள். ஊர் அங்கே போனதால் இங்கே லைன் காலியாகக் கிடக்கிறது, எனக்குத்தான் இது முதலில் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுச் சரளாவிடம் சொன்னேன். அவள் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். எட்டு மணிக்கு நாங்க எல்லாரும் மண்டபத்துல இருப்போம் அண்ணே, ஒருத்தரும் வீட்டுல போனைத் தொட மாட்டோம், கௌரி அக்கா மகள்கிட்ட நிம்மதியா பேசட்டும் லா என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயம் உரித்தேன் என்று சமாளித்தேன்.

போனில் தட்ட என் விரலுக்கு வராது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். சரளாதான் இதைப் படம் பிடித்து மண்டபத்திலிருந்து உனக்கு அனுப்புவாள். அவளும் படிப்பாள், படிக்கட்டும். வேலையை விடாதே. வெறும் காப்பியோடு ஓடாதே. வெளியே போனால் காதை மூடிக்கொள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வீட்டுக்குக் கூப்பிடு. ஸ்பீக்கர் போட மாட்டேன், பக்கத்தில் வேறு ஆளும் இருக்காது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இன்று காலை இடது கையால் சீப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள். தலை வாரிவிட்டேன், வகிடு கோணலாகத்தான் வந்தது. முருகன் உன்னைக் காப்பாற்றட்டும், எங்கள் ஆசி என்றும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே பிள்ளை, முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்காதே. நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டிரு, சால்வையை அவளே எடுப்பாள்.

உன் அப்பா,
தம்பிமுத்து