சங்கு ஊதாத ஊர்

இன்று மாலை குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களின் போன்கள் எல்லாம் ஒன்றாக அலறின. பூக்காரம்மாவின் இடுப்பில் இருந்தது, ஆட்டோக்காரரின் சட்டைப் பையில் இருந்தது, என் கைப்பையில் இருந்தது, எல்லாம். கனமழை எச்சரிக்கை, தமிழிலேயே வந்திருந்தது. நான் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அருகில் நின்ற கல்லூரிப் பையன், "இன்னா மச்சான், பேய் கணக்கா கத்துது" என்று சிரித்தபடி தன் போனின் வாயை அடைத்தான். "செட்டிங்ல போய் ஆஃப் பண்ணு மாமே, இனிமே வராது" என்றான் கூட இருந்தவன். நீயும் இப்படித்தான் சொன்னாய். தொனிகூட ஏறக்குறைய இதேதான்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவுக்கு போன் போட்டேன். மணி போகிறது, எடுக்கவில்லை. குடோனில் ஷிப்ட் முடிந்து வந்திருப்பார். ஏரிக்கரைக்குக் கீழே, உபரிநீர் ஓடும் கால்வாயை ஒட்டி, அதே வீட்டில்தான் இன்னும் இருக்கிறார். ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று காலையிலிருந்தே பேச்சு. அவர் எடுக்கும்வரை எனக்கு வேறு வேலை ஓடாது. அதற்காகத்தான் உனக்கு எழுதுகிறேன்.

கொரியாவில் நடந்த அந்தக் கோடை வகுப்புக்கு நம் கல்லூரியிலிருந்து நாம் இருவர்தான் தேர்வானோம். எங்கள் அத்தாவுக்கு ஒரே கவலை, ஹலால் எளிதில் கிடைக்காத அந்த ஊரில் மகள் எதைத் தின்பாள் என்று. பூந்தமல்லியில் அவர் கடைக்கே வந்து நின்று நீ சொன்னாய்: "இவ வாய்ல போறதுக்கு நான் பொறுப்பு அத்தா." ஜவுளி மடித்துக்கொண்டிருந்த அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சரி என்றார். அவர் அப்படி யாரிடமும் சட்டென்று சரி சொன்னதில்லை.

சொன்னபடி செய்தாய். அந்த மொழியில் உன் பெயரை எழுதுவதற்கு முன்னால் நீ படிக்கக் கற்றுக்கொண்ட சொல் 'பன்றி'. கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். "இதுல கீதுடி, வச்சிடு." கொஞ்ச நாளில் தூரத்திலிருந்தே அந்த எழுத்து உன் கண்ணில் பட்டது. நான் தின்னாததை நீயும் தின்னவில்லை. கடற்பாசியில் சுற்றிய சோற்றையும் மீன் குழம்பையும் வைத்தே ஓட்டினோம். மல்லி வாசனை இல்லாமல் குழம்பா என்று தினமும் புலம்புவாய், புலம்பிக்கொண்டே கிண்ணத்தை வழித்துவிடுவாய்.

'கனமழை' என்ற சொல்லை மட்டும் நாம் இருவருமே படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

அங்கே போன்கள் ஓயாமல் கத்தும். வெயில் அதிகம், வெளியே போகாதே என்று கத்தும். மறதிக்காரத் தாத்தா ஒருவரைக் காணவில்லை, இன்ன நிறச் சட்டை என்று கத்தும். முதலில் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்துப் பார்த்தோம், பிறகு விட்டுவிட்டோம். ஒருநாள் நான் தொழுதுகொண்டிருக்கும்போது கத்தியதில் பதறி எழுந்துவிட்டேன். எனக்கு அன்று அழுகையே வந்தது. நீ என் போனை வாங்கி எதையோ அழுத்தினாய். பிறகு உன் போனையும். "முடிச்சிட்டேன் போ, இனிமே உன்னை எவனும் பயங்காட்ட மாட்டான்" என்றாய். என்மேல் இருந்த பிரியத்தில் செய்தது அது. அதுதான் இன்றும் என்னால் தாங்க முடியாதது.

வகுப்பிலிருந்து மலைக்கு முதல் முறை கூட்டிப்போனபோது நமக்கு மூச்சு வாங்கியது. பாட்டிமார்கள் கைத்தடி ஊன்றி நம்மைத் தாண்டிப் போனார்கள். உச்சியில் ஒருத்தி பையிலிருந்து வெள்ளரிக்காயை எடுத்து உடைத்து ஆளுக்குப் பாதி தந்தாள். இறங்கும் வழியில் கல்மேல் கல்லாக அடுக்கிய குவியல்கள் இருந்தன. ஏதாவது வேண்டிக்கொண்டு ஒரு கல் வைப்பது அங்கே வழக்கம். நீ சப்பைக் கல்லாகத் தேடி வைத்தாய். என்ன வேண்டினாய் என்று கேட்டேன். "அம்மா இருக்கிற ஊட்டுக்குள்ள ஏரி வரக்கூடாதுன்னு." கையை எடுத்ததும் அந்தக் கல் சரிந்து விழுந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி வைத்தாய். நான் சிரிக்கவில்லை.

நீ சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு மழையில் உங்கள் வீட்டுக்குள் ஏரித் தண்ணீர் வந்ததாம். ஷட்டரைத் திறக்கும் முன் அபாயச் சங்கு ஊதினார்கள், ஆட்டோவில் மைக் கட்டிக் கூவினார்கள், அம்மா உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து மாடிக்கு ஓடினார், பிழைத்தீர்கள். நூறு தடவையாவது இதை என்னிடம் சொல்லியிருப்பாய். தண்ணீர் சொல்லிவிட்டுத்தான் வரும் என்று அதிலிருந்து நம்பினாய். உங்கள் தெருவே அப்படித்தான் நம்புகிறது.

வகுப்பு முடியும் முன் எல்லோரையும் ஒரு மலையோடைக்கு அழைத்துப் போனார்கள். ஓடையோரச் சாப்பாட்டுக் கடையில் பாய் விரித்திருந்தது, தர்பூசணியைத் தண்ணீரில் போட்டுக் குளிரவைத்திருந்தார்கள். மற்றவர்கள் சாப்பிட உட்கார, நீ நடு ஓடையில் ஒரு பாறையைப் பார்த்து வைத்திருந்தாய். ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டாய். எனக்கு நீச்சல் தெரியாது. நான் கரையில், இருவர் பையையும் மடியில் வைத்துக்கொண்டு.

வானம் பளிச்சென்றிருந்தது. தும்பிகள் தாழப் பறந்தன. முதலில் தண்ணீரின் நிறம் மாறியது, டீ மாதிரி. பிறகு இலைகள் வந்தன. உதிர்ந்த இலையல்ல, கிளையோடு பிய்ந்த பச்சை இலைகள்.

"ஏய், ஏறி வாடி. தண்ணி கலங்குது."

"நாங்க ஏரியையே பார்த்தவங்கடி. சொல்லாம தண்ணி வராது. மழை எங்க பேயுது, காட்டு பார்ப்போம்."

நான் அண்ணாந்து பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை. மழை மலைக்குப் பின்னால் பெய்துகொண்டிருந்தது. மேலே கடைக்கார அம்மாள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நம்மைப் பார்த்துக் கத்தினாள், கையை ஆட்டினாள். நீ எழுந்து நின்று, "இன்னாவாம் அந்தம்மாக்கு?" என்று கேட்டாய். நான் கேட்ட கடைசிப் பேச்சு அது. திரும்பிப் பார்த்தபோது பாறையே இல்லை.

மறுநாள் உன்னைக் கீழே எங்கோ கண்டெடுத்தார்கள். நமக்குப் பாடம் நடத்திய ஆசிரியை தன் போனைக் காட்டினார். எச்சரிக்கை முன்பே வந்திருக்கிறது. உரக்கப் படித்துக் காட்டப் போனவர் பாதியில் உடைந்து அழுதார். அன்று படிக்கக் கற்றுக்கொண்டேன் அந்தச் சொல்லை. இப்போது தூக்கத்தில் காட்டினாலும் படிப்பேன்.

உன் போன் என்னிடமே இருந்தது. உன் வீட்டுக்கு எடுத்துவரும் முன், நீ அணைத்ததைத் திறந்துவிட்டு, சத்தத்தை முழுதாக ஏற்றினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார். "அந்த ஊர்ல சங்கு ஊத மாட்டானுங்களா கண்ணு?"

"ஊதுவாங்கமா. போன்லதான் ஊதும். இதுல அணைச்சு வச்சிருந்தா."

போனை வாங்கி முந்தானையால் துடைத்தார். "இனிமே ஊதுமா?" என்றார். ஊதும் என்றேன். அவர் கையில் இருப்பது பழைய பட்டன் போன். ஆனாலும் உன்னுடையதில் ஒரு சிம் போட்டு, சார்ஜ் இறங்காமல் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

இதோ, அம்மா கூப்பிட்டுவிட்டார். மழை இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது.

"எங்கம்மா இருக்கீங்க? எவ்ளோ நேரமா அடிக்கிறேன்."

"பள்ளிக்கூடத்து மாடில கீறேன் கண்ணு. ரெண்டு போனையும் கவர்ல சுத்தி மடில கட்டிகினு ஏறினேன், கேக்கல."

"ஏரி தொறந்துட்டாங்களா? சங்கு ஊதுச்சா?"

"இன்னும் ஊதல. தெருவே ஊட்லதான் கீது, ஊதட்டும் பார்க்கலாம்னு. கதவு கதவா தட்டிச் சொன்னேன், சிரிக்குதுங்க. நான் எதுக்கு சங்குக்குக் காத்துகினு கீறது? எம்பொண்ணு கத்துனா, நான் ஏறிட்டேன்."

போனை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். மழை விடவில்லை. சங்கு இன்னும் ஊதவில்லை.