அரைக்கைச் சட்டை

உலு திராம்,
திங்கட்கிழமை.

அன்பு மகன் தீபனுக்கு அம்மா எழுதுவது. சாஆ ஊரில் முத்து மாமா வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நீ போனை அடைத்து வைத்திருப்பதால் இங்கே வந்திருக்கும் மாமாவிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

தங்கச்சி லோஷினிக்கு இரண்டு விரல் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆறு வாரமாம். சனிக்கிழமை பெக்கான் நானாஸில், உன் அப்பாவின் அன்னாசிக் கடையில் நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். சீக்கிரம் வீட்டுக்குப் போகணும் என்று கேட்டாளாம். அதற்கு முடியைப் பிடித்து இழுத்துப் போய், அவள் கையை வைத்து வேன் கதவை அறைந்து சாத்தியிருக்கிறான். நீ அன்னாசி வெட்டும் கத்தியை எடுத்திருக்கிறாய். இப்போது அவனுக்குத் தோள் எலும்பு முறிந்து கிடக்கிறது. பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அங்கே நின்றிருந்தால் வெட்டியே போட்டிருப்பேன்.

"நானும் அந்த ஆளோட மகன்தானே" என்று மாமாவிடம் சொல்லி அழுதாயாம். முட்டாள்! "அண்ணன் கத்தியத் திருப்பிப் பிடிச்சுத்தாம்மா அடிச்சாங்க" என்று உன் தங்கச்சி சொன்னாள். அவ்வளவு ஆத்திரத்திலும் நீ மழுங்கின பக்கத்தைத் தேடியிருக்கிறாய். உன் அப்பன் பெல்ட்டை உருவினால் இரும்பு பக்கிள் இருக்கும் பக்கத்தைத்தான் வீசுவான். என் முதுகுக்குத் தெரியும். உன் கைக்கும் தெரியும்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். போன வருடம் நலத்துறை அதிகாரியம்மா வீட்டுக்கு வந்த அன்று உன்னை முழுக்கைச் சட்டை போடச் சொன்னது நான்தான். விடிவதற்குள் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவள், பிள்ளைகளைப் பார்ப்பதில்லை என்று அவன் வக்கீல் கோர்ட்டில் சொல்லியிருந்தார். தழும்பைப் பார்த்தால் பழி என்மேல் விழும், உங்களைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்துவிட்டேன். காயம் ஒன்றும் இல்லை என்று அவர் எழுதிக்கொண்டு போனார். அதை வைத்துத்தான் மாதம் இரண்டு சனிக்கிழமை அவனிடம் அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. ஒவ்வொரு தடவையும் நானே உங்களைக் கொண்டுபோய் விட்டேன்.

அந்த உத்தரவை மாற்றக் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன்; வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசாரணை. காற்றில் கதவு தானாக அடித்துக்கொண்டது என்கிறான். வெளியாட்களிடம் லோஷினி வாயே திறப்பதில்லை. அண்ணன் வந்தால் பேசுவாளாம். நீதிபதி உங்கள் இருவரையும் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கேட்பார், அவன் அங்கே இருக்க மாட்டான் என்று நம் வக்கீல் ஷர்மினி சொல்கிறார். உத்தரவு மாறாவிட்டால், அந்தக் கட்டோடு அவளை மறுபடி நான் அங்கே விட்டுவர வேண்டும்.

கத்தி எடுத்ததை மறைக்காதே. முழுக்கைச் சட்டையையும் சொல். அம்மா சொல்லித்தான் போட்டேன் என்று சொல். அதற்காக உங்களை என்னிடமிருந்து எடுத்து மாமாவிடம் கொடுத்தாலும் கொடுக்கட்டும். அவனிடம் மட்டும் வேண்டாம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், ராஜா. முருகன் உன் கூடவே வரட்டும். புதன்கிழமை மாமாவோடு புறப்பட்டு வந்துவிடு. உன் நீல நிற அரைக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
அன்னபூரணி