சிக்னல் சத்தமும் என் கையெழுத்தும்

இன்று காலை ஒரு ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். கடைக்கு எதிரே இருக்கும் சிக்னல் கம்பத்திலிருந்து சத்தம் வந்தது. மெதுவாக, டிக்… டிக்… என்று. நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்ததும் படபடவென்று வேகமெடுத்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இப்போதுதான் சரிசெய்திருக்கிறார்கள்.

நீயும் நானும் உப்பளத்தில் ஒன்றாகக் கூடை சுமந்தவர்கள். எனக்கு முதுகு போனது, தையலுக்கு வந்துவிட்டேன். உனக்குச் சர்க்கரையில் கண் போனது. அனுமந்தை கிராமத்தில் உன் வீட்டை விட்டு வெளியே வராமலே பல மாதம் கிடந்தாய். பிறகு இங்கே உப்புப் பாக்கெட் போடும் கொட்டகையில் வேலை என்று கேள்விப்பட்டு, கோலை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறி வந்தாய். கொட்டகை என் கடைக்குப் பின்னால். பஸ் ஸ்டாண்டோ சாலையின் அந்தப் பக்கம்.

சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் பறக்கிற கார்கள் நம் ஊரைத் திரும்பியும் பார்க்காது. சிக்னல் இருந்தும் சிவப்பும் பச்சையும் உனக்கு ஒன்றுதான். யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். ஒருமுறை ஓர் ஆள், பஸ்ஸுக்காக நின்ற உன்னை, கேட்காமலே சாலை தாண்ட வைத்து இந்தப் பக்கம் விட்டுவிட்டுப் போனார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். சிரித்து முடித்ததும் அவர் பிடித்த கையைத் தேய்த்துக்கொண்டாய்.

அப்புறம்தான் கம்பத்தில் அந்த மஞ்சள் பெட்டியைப் பொருத்தினார்கள். அதன் பொத்தானில் மேடாக ஓர் அம்புக்குறி. எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று விரலுக்குச் சொல்லும். எப்போது நடக்கலாம் என்று சத்தம் சொல்லும். முதல் நாள் தனியாகக் கடந்து நேரே என் கடைக்குள் வந்தாய். முகமெல்லாம் வேர்வை.

“யாரு கையும் வேணாம்டி எனக்கு. நானே வந்துட்டேன்.”

அந்தச் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. பக்கத்து செல்போன் கடைத் தம்பி ஒரு தாளோடு வந்தான். “அக்கா, ஒரு கையெழுத்து போடுங்க. கஸ்டமர்கிட்ட பேசவே முடியல” என்றான். போட்டேன். உன் நினைவே எனக்கு வரவில்லை. வந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்று சொல்லிப் பார்க்கிறேன். அதுவும் நிச்சயமில்லை. அன்று எனக்குத் தலைவலி.

சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலையில் அந்தப் பக்கம் நீ பொத்தானை அழுத்திவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றாய். மூன்று முறை பச்சை விழுந்து போனது. நான் ஓடி வந்தேன்.

“மெஷின் ரிப்பேர் போல இருக்குதுடி.”

“ஆமா” என்றேன்.

இரண்டு மாதம் காலையும் மாலையும் அந்த ‘ஆமா’வைச் சுமந்துகொண்டு உன்னைச் சாலை தாண்ட வைத்தேன். கடையில் ஆள் இருந்தால் எனக்கு நேரமாகும். நீ வெயிலில் நிற்பாய். ஒருநாள், லேட்டாக வந்தால் வேலை இல்லை என்று கொட்டகையில் சொல்லிவிட்டதாகச் சொன்னாய். பாதிச் சாலையில் இருந்தோம். என்னால் தாங்க முடியவில்லை.

“ரிப்பேர் இல்ல. நாங்கதான் எழுதிக் குடுத்து நிறுத்தினோம். அன்னிக்குத் தலைவலி, நானும் கையெழுத்து போட்டேன்.”

உன் கையை என் கையிலிருந்து உருவிக்கொண்டாய். மீதிச் சாலையைத் தனியாகவே நடந்தாய். ஓரத்துக் கல்லில் கால் தடுக்கியது. பிடிக்க வந்தேன், நீ விடவில்லை.

மூன்றாம் நாள் கடைக்கு வந்தாய். “நான் சொல்றத எழுது. உன் கையெழுத்துலயே எழுது” என்றாய். எழுதினேன். சத்தம் திரும்ப வேண்டும் என்ற அந்த மனுவோடு கடை கடையாகக் கையெழுத்து வாங்கப் போனேன். செல்போன் கடைத் தம்பியும் போட்டான். “அந்த அக்காவுக்குன்னு தெரியாதுக்கா” என்றான். பார்வையிட வந்த அதிகாரி, “நிறுத்தவே வேணாங்க. சத்தத்த கொறைச்சு வெச்சிருந்தாலே போதும்” என்றார். அதை நாங்கள் கேட்கவே இல்லை. நிறுத்தத்தான் கேட்டோம். அதன் பிறகு மனு எந்த மேசையில் கிடந்ததோ.

அப்புறம் நீ என் கையைப் பிடிக்கவே இல்லை. “பேசிட்டே முன்னால போ, நான் வர்றேன்” என்பாய். ரவிக்கை அளவு, மீன் விலை என்று வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே நடப்பேன். கோலின் சத்தம் பின்னால் வரும். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது.

பிறகு சிறுநீரகமும் போயிற்று. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தேன். குரலே எழும்பவில்லை உனக்கு.

“பொட்டிய சரி பண்ணிட்டாங்களா?”

“பண்ணிட்டாங்க. இப்ப நல்லா கேக்குது” என்றேன்.

லேசாகத் தலையாட்டினாய். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினாய்.

“உனக்குத் தொந்தரவா இல்லியே?”

நீ குத்திக் கேட்கவில்லை. எனக்குத் தலைவலி வருமே என்றுதான் கேட்டாய். நான் சொன்ன பொய்யையாவது என்றைக்காவது மறந்துவிடுவேன். நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்?