செய்யாமல் போட்ட டிக்

மார்ச் 3, திங்கள்

என் பழைய நோட்டுப் புத்தகத்துக்கு இன்றோடு வேலை போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் நிர்வாகி ஒரு சாப்ட்வேர் கொண்டுவந்திருக்கிறார். கட்டிடப் பராமரிப்பு சூப்பர்வைசர் நான் என்பதால், பாக்கி வேலைகளையெல்லாம் நானே அதில் ஏற்ற வேண்டும். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தேன். ஒழுகும் குழாய், எரியாத விளக்கு, மூடாத கதவு... மூன்று மணிக்கு எண்ணிப் பார்த்தால் நூற்றெண்பத்தேழு! ஒவ்வொன்றுக்கும் யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எவ்வளவு அவசரம் என்று குறிக்க வேண்டும். தேதி தாண்டினால் வரி சிவப்பாகும். முடித்து டிக் போட்டால் பச்சை.

நான்கு மாடிக்கு நாங்கள் மூன்றே பேர். நான், எலெக்ட்ரீஷியன், குழாய்க்காரர். குழாய்க்காரர் எட்டிப் பார்த்து, "இத்தனையையும் மண்டையிலயா வச்சிருந்தீங்க மேடம்? இன்னும் வெடிக்கலயே, அதுவே பெரிசு" என்றார். இறக்கி வைத்ததில் தலை லேசானது என்னவோ உண்மை.

மார்ச் 7, வெள்ளி

வாராந்திரக் கூட்டம். பட்டியலைச் சுவரில் பெரிதாகக் காட்டினார் நிர்வாகி. ஆய்வகம் பச்சை. சமையலறை பச்சை. எங்கள் பகுதியில் நாற்பத்தொரு சிவப்பு. "என்ன மேடம், தக்காளித் தோட்டமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

மார்ச் 11, செவ்வாய்

எட்டு முடித்தோம். பன்னிரண்டு புதிதாக வந்தது.

மார்ச் 13, வியாழன்

சாப்பிடும்போதும் போனையே பார்க்கிறேனாம். "அதுக்கும் ஒரு வாய் ஊட்டி விடு" என்கிறார் இவர். நாளை வெள்ளி.

மார்ச் 14, வெள்ளி

எழுதலாமா, வேண்டாமா? எனக்குத்தானே எழுதுகிறேன். கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால், ஆறு வேலைகளுக்குச் செய்யாமலேயே டிக் போட்டேன். சின்னச் சின்ன வேலைகள்தான். ஜன்னல் கொக்கி, அறிவிப்புப் பலகை, பின்பக்கப் படிக்கட்டில் ஆடும் கைப்பிடி, இப்படி. திங்கட்கிழமை முதல் வேலையாக முடித்துவிடுவேன்.

"பரவாயில்லையே, மேடம் வேகம் பிடிச்சிட்டாங்க" என்றார் நிர்வாகி. மனசு குளிர்ந்து போயிற்று. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டல்.

மார்ச் 20, வியாழன்

கொக்கியும் பலகையும் ஆயிற்று. மற்ற நான்கு எவை? சிவப்பாக இருந்தால் தினமும் வந்து நச்சரிக்கும். பச்சையானது கண்ணிலேயே படாமல் அடியில் போய்விடுகிறது. நாளை தேடிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

சலவை அக்கா விழுந்துவிட்டார். பின்பக்கப் படிக்கட்டில். துவைத்த துணி மூட்டையோடு இறங்கும்போது கால் இடறி, கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். அது சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. ஏழு படி. வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. நான் ஓடிப்போனபோது, சிதறிக் கிடந்த வெள்ளை விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து, "துணியெல்லாம் அழுக்காயிடுச்சே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்தான். வேற யாரு? நான்தான் பண்ணேன்.

மார்ச் 27, வியாழன்

நிர்வாகி கூப்பிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். "பாருங்க, பதினாலாம் தேதியே இறுக்கியாச்சுன்னு இருக்கு. நம்ம பக்கம் சுத்தம். லிப்ட் இருக்கும்போது மூட்டையைத் தூக்கிட்டு அவங்க ஏன் படியில வரணும்? மொத்த பாரத்தையும் அதுல போட்டிருக்காங்க. கவனக்குறைவுன்னு எழுதிடலாம்."

லிப்டில் எப்போதும் நோயாளிகள். அது அவருக்கும் தெரியும். கவனக்குறைவு என்று எழுதினால் அக்காவுக்கு விடுப்பு கிடைக்காது. கை சரியாகி வந்தாலும் வேலை இருக்குமா என்பது சந்தேகம்.

"சரி சார்" என்றேன். இதை எழுதக் கை கூசுகிறது.

மார்ச் 28, வெள்ளி

நான்கே நான்கு சிவப்பு. கைதட்டினார்கள்.

மார்ச் 29, சனி

வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அக்கா என்னைத் தேற்றுகிறார்! "என் தப்புதாம்மா. நீங்க எல்லாத்தையும் இறுக்கித்தான் வச்சிருந்தீங்களாம். நான்தான் தடிமாடு மாதிரி தொங்கிட்டேன் போல."

வெளியே வந்தால் குழாய்க்காரர். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கைப்பிடியை இறுக்கணும்னா சுவத்துல ஓட்டை போடற மிஷின் வேணும். அது ஒரு மாசமா என்கிட்டதான் இருக்கு மேடம். நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல."

சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமே, பாவி மனுஷா.

மார்ச் 30, ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன். துவைத்த சட்டையை உதறிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "இப்பப் போய் சொன்னா வேலை போயிடும்" என்றார். சட்டையைக் கொடியில் போட்டார். திரும்பி வந்து, "சொல்லலைன்னா நீயே போயிடுவ போலிருக்கு. சோறு இறங்குதா உனக்கு?" என்றார்.

மார்ச் 31, திங்கள்

அந்த வேலையைத் தேடி எடுத்தேன். "மீண்டும் திற" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன். குறிப்பில் எழுதினேன்: "இந்த வேலை செய்யப்படவில்லை. செய்யாமலேயே டிக் போட்டது நான். விழுந்தவர்மீது எந்தத் தவறும் இல்லை." அனுப்பியதும் ஆஸ்பத்திரியில் எல்லோருடைய போனுக்கும் போய்விட்டது.

ஐந்து நிமிஷத்தில் நிர்வாகி வந்து நின்றார். "என்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாமே மேடம்?"

"சொல்லியிருந்தா மாத்தி எழுதியிருப்பீங்களா சார்?"

போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார்.

ஏப்ரல் 9, புதன்

விசாரணை முடிந்தது. அக்காவுக்கு நடந்தது வேலையில் ஏற்பட்ட விபத்து என்று பதிவாகிவிட்டது. விடுப்பு உண்டு, வேலையும் உண்டு. சூப்பர்வைசர் இனி எலெக்ட்ரீஷியன். என்னைத் துணி அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். விரிப்பு எண்ணி வார்டுக்கு அனுப்பும் வேலை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் கதவைப் பாதி திறந்து, "அம்மா தூங்கறாங்க" என்றாள். உள்ளே அக்கா இருமுவது கேட்டது. பழத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

மே 19, திங்கள்

அக்கா இன்று வேலைக்கு வந்தார். கட்டு இல்லை, கை மட்டும் மெலிந்திருக்கிறது. துணி அறையில் நாங்கள் இருவர்தான். மதியம்வரை அவர் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலுமாக விரிப்பு எண்ணினோம்.

பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "ஏன் அன்னிக்கே சொல்லல?"

"பயம்க்கா."

"ஆறு நாள் என்னையே நான் திட்டிக்கிட்டுக் கிடந்தேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஒரு விரிப்பை உதறி, இரண்டு முனைகளை என் பக்கம் நீட்டினார்.

"பிடிங்க. ஒத்தக் கையால மடிக்க வரல."

பிடித்தேன். மடித்து, நெருங்கி, முனையோடு முனை சேர்த்து, விலகி, அடுத்தது. அறுபது விரிப்பு இருக்கும். இடையில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "தளர விடாதீங்க, சுருக்கம் விழுது."