தப்பா அமுக்கினா என்னவாவும்?

இன்று காலை அலுவலகத்துக்குப் புது மானிட்டர்கள் வந்து இறங்கின. பெட்டியைப் பிரித்ததும் தெர்மகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ கேட்டார்கள். எனக்குக் காதில் விழவில்லை. அப்பா, நம் சாப்பாட்டு மேசையில் நீங்கள் இதே மாதிரி ஒரு பெட்டியைப் பிரித்து, சட்டை நுனியால் திரையைத் துடைத்துக்கொண்டு நின்ற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் கண்முன் வந்தது.

இப்போது ஓடுகிற சாஃப்ட்வேருக்கு வயதாகிவிட்டதாம். மறுபடியும் மாறப்போகிறோம். மறுபடியும் பொறுப்பு என் தலையில்தான். வீட்டுக்கு வந்து சொல்ல இந்தத் தடவை நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் தடவை அந்தப் பொறுப்பு கிடைத்தபோது எத்தனை பெருமை எனக்கு. எங்கள் மீன்வலைக் கம்பெனியில் அதுவரை ஸ்டோருக்குக் கையெழுத்துப் பதிவேடு, விற்பனைக்கு எக்ஸெல், கணக்குப் பிரிவுக்கு ஒரு பழைய சாஃப்ட்வேர் என்று ஆளுக்கொரு வழி. நூல் வந்து இறங்குவதிலிருந்து வலை லாரியில் ஏறுவதுவரை எல்லாமே இனி ஒரே சாஃப்ட்வேரில் என்றார் ஜி.எம். அதை நடத்திக்கொடுக்க வேண்டியவள் நான். வடசேரியிலிருந்து நெய்யூர்வரை பஸ்ஸில் நின்றே வந்ததுகூட அன்று எனக்குத் தெரியவில்லை. வாசலிலேயே உங்களிடம் சொன்னேன். "கொள்ளாம், நல்ல காரியம்" என்றீர்கள். பிறகு பின்பக்கம் போய் வாழைக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தீர்கள். காலையில்தான் விட்டிருந்தீர்கள்.

வெளிநாட்டிலிருந்து நீங்கள் எதிர்பாராமல் திரும்பி வந்தபோது, கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள் என்றுதான் சொன்னீர்கள். உறவுக்காரர்களும் சபையில் உள்ளவர்களும் நம்பினார்கள். நானும் நம்பினேன். நான் பொறுப்பைச் சொன்ன அன்று, இருட்டுவதற்கு முன், கையில் தண்ணீர்க் குழாயோடு, முதல்முறையாக மிச்சத்தைச் சொன்னீர்கள்.

"அங்கயும் இதுதான் வந்துது. ஒரு நாள் கிளாஸ் எடுத்தானுவ. இங்கிலீஷ்ல கடகடன்னு சொல்லிட்டுப் போயிட்டான். எல்லாவனும் தலையாட்டினான். நானும் ஆட்டினேன்."

அதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னீர்கள். தவறான பதிவுகள். ஏச்சு. பல வருஷமாகச் சாவி வைத்திருந்த ஸ்டோரிலிருந்து எடுத்து, வெயிலில் சரக்கு இறக்கும் இடத்துக்கு மாற்றியது. கடைசியில் விசாவைப் புதுப்பிக்காமல் விட்டது. சொல்லி முடித்து, குழாயை மடக்கி வைத்துவிட்டு, "நீ யாரையும் தலையாட்ட விடாத, கேட்டியா" என்றீர்கள்.

கேட்டேன். ஆனாலும் என் முதல் வகுப்பை சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் எனக்கு எடுத்த மாதிரியேதான் எடுத்தேன். வேறு மாதிரி எடுக்க எனக்குத் தெரியவில்லை. ஸ்டோர் பொறுப்பில் தாணு அண்ணன் இருந்தார். தோவாளையிலிருந்து வருகிறவர். யாருக்கும் ஒரு கண்டு நூல் கணக்கில்லாமல் கொடுக்காதவர். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். மறுநாள் பார்த்தால் கம்ப்யூட்டர் பக்கமே போயிருக்க மாட்டார். கற்றுக்கொள்ளாதவர்களைப் பாக்கிங் பிரிவுக்கு அனுப்பிவிடுவதாக ஜி.எம். என்னிடம் சொல்லியிருந்தார். அவர் மனதில் முதலில் இருந்த பெயர் தாணு அண்ணனுடையது.

அவருக்குப் பிடிவாதம் என்று வீட்டில் வந்து குறைப்பட்டேன். நீங்கள் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"தலையாட்டுனாரா?"

"ஆமா."

"அப்போ அவருக்கு ஒண்ணும் புரியல்ல."

"புரியல்லன்னா கேக்கலாம்லா?"

"கேக்கதுக்குப் பேடி, ஏட்டி. பயம். இத்தன வருசம் மத்தவன் வந்து இவருகிட்ட கேட்டுட்டு இருந்தான். இப்போ இவரு போய் எப்பிடிக் கேப்பாரு?" கத்தியைக் கீழே வைத்தீர்கள். "ஒரு கம்ப்யூட்டர் வீட்டுக்குக் கொண்டு வா. முதல்ல எனக்குச் சொல்லித் தா. எனக்குப் புரிஞ்சா அவருக்கும் புரியும்."

ஜி.எம்.மிடம் அனுமதி வாங்கி, மாற்றத்துக்காக வந்திருந்த புதுக் கம்ப்யூட்டர்களில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சாப்பிட்டதும் தொடங்கினோம். வாடிக்கையாளர் பெயர், ஊர் என்று முதல் பக்கங்களை எளிதாகத் தாண்டினீர்கள். வந்த சரக்கைப் பதிவு செய்யும் பக்கம் திறந்ததும் உங்கள் கை நின்றுவிட்டது. நீங்கள் வெளிநாட்டில் பார்த்ததும் இதே மாதிரிப் பக்கம்தானாம். எழுந்து வெளியே போனீர்கள். வேண்டாத வேலையை இழுத்து விட்டுவிட்டோமே என்று நான் கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன். நீங்கள் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தீர்கள்.

"ஒண்ணு சொல்லு. இதுல தப்பா அமுக்கினா என்னவாவும்?"

ஒன்றும் ஆகாது என்றேன். இது பழகுவதற்கான தனிப் பிரதி, இதில் என்ன செய்தாலும் நிஜக் கணக்கைத் தொடாது என்றேன். நிஜத்தில்கூட இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் பதிவு நிற்கும், அதுவரை ரத்து செய்துகொள்ளலாம் என்றும் சொன்னேன்.

"இத்தன வருசம் எனக்க கை பட்டா கம்பெனிக்க கணக்கு முழுக்கப் போயிரும்னு நினைச்சிட்டு இருந்தேன், ஏட்டி."

அதன்பிறகு உங்களை நிறுத்த முடியவில்லை. நைலான் நூல் எனக்கு எதுக்கு என்று சொல்லி நம் அடுக்களையையே ஸ்டோர் ஆக்கினீர்கள். சம்பா அரிசி, தேங்காய், புளி எல்லாம் சரக்காக உள்ளே வந்தன. நெத்திலிக் கருவாட்டை லிட்டர் கணக்கில் பதிந்துவிட்டு நீங்களே சிரித்தீர்கள். ரத்து செய்தீர்கள். ரத்து ஆகிறதா என்று பார்ப்பதற்காகவே மறுபடியும் லிட்டரில் போட்டீர்கள். அடுத்தடுத்த ஞாயிறுகளில் உங்கள் விரல் எங்கெங்கே தயங்குகிறதோ அங்கெல்லாம் நான் என் வகுப்பைத் திருத்திக்கொண்டேன்.

மறுபடி எடுத்த முதல் வகுப்பில், யாரும் எதையும் சரியாகச் செய்யக் கூடாது என்று சொன்னேன். வேண்டுமென்றே ஒரு தப்பு செய்ய வேண்டும், அதை ரத்து செய்ய வேண்டும், அன்றைக்கு அவ்வளவுதான் பாடம். தாணு அண்ணன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு ஒரு லாரி நூல் முழுவதையும் ஒரே அமுக்கில் காணாமல் ஆக்கினார். அதைத் திரும்ப வரவைத்தார். அந்தக் கடைசி வரிசையிலிருந்து அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

ஆனால் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலில் இறங்குவதற்கு முன்னாலேயே மாறிவிட வேண்டும் என்று ஜி.எம். அவசரப்பட்டார். வலைக்கு ஆர்டர் குவிகிற நேரம் அது. அந்த நெருக்கடியில் மாறினால் கை தடுமாறும், தடுமாறியவர்களைப் பாக்கிங்குக்கு அனுப்ப ஒரு சாக்கு கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. சீசன் அடங்கட்டும், அதன்பிறகும் கொஞ்ச நாள் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும் என்று கேட்டேன். முடியாது என்றார். அப்படியானால் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று என் வாயிலிருந்து வந்தது. அப்படிப் பேசும் நோக்கத்தோடு நான் உள்ளே போகவில்லை. வெயிலில் சரக்கு இறக்கிக்கொண்டு நீங்கள் நிற்கிற மாதிரி ஒரு காட்சி, நான் நேரில் பார்க்காத காட்சி, அப்போது என் கண்ணில் இருந்தது. ஜி.எம். பேனாவை மூடி வைத்துவிட்டு, சீசன் முடியட்டும் என்றார். இரண்டும் சேர்ந்து ஓடுவதற்கும் சம்மதித்தார்.

மாறிய நாளில் குளச்சலுக்குப் போக வேண்டிய லாரி வாசலில் நின்றது. வலை ஏற்றியாகிவிட்டது. பில் மட்டும் வரவில்லை. கையிருப்பு இல்லை என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. டிரைவர் ஹார்ன் அடிக்கிறார். ஜி.எம். வந்து நிற்கிறார். பழைய பதிவேடு பக்கத்திலேயே இருந்ததால் சரக்கு எவ்வளவு என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. புதியது ஏன் மறுக்கிறது என்பதுதான் தெரியவில்லை. அப்போது தாணு அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், எனக்கு இது புரியல்ல. கொஞ்சம் இங்க வரணும்."

போய்ப் பார்த்தேன். வந்த சரக்கில் ஒன்றை மூட்டைக் கணக்கில் பதிந்திருந்தார். கிலோவில் பதிந்திருக்க வேண்டும். அதனால்தான் கையிருப்பு குறைந்து தெரிந்திருக்கிறது. அவரே ரத்து செய்தார், அவரே திருத்தினார். நான் ஒப்புதல் கொடுத்தேன். பில் வந்தது. லாரி போனது. யாரும் பாக்கிங்குக்குப் போகவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். பில் வந்த கதையை நீங்கள் கவனிக்கவேயில்லை. "எல்லாருக்க முன்னாலயும் சொன்னாரா, புரியல்லன்னு?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். இன்னொரு தடவை கேட்டீர்கள். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ போடப் போனீர்கள்.

நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கத்தன்று நல்ல மழை. கம்பெனியிலிருந்து வந்தவர்களில் தாணு அண்ணனும் இருந்தார். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் கலைந்த பிறகும் குடையோடு நின்றார். அதுவரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அந்த வகுப்பு எங்கே உருவானது, யார் எனக்கு முதல் மாணவன் என்பதை.

"அப்போ நான் படிச்சது சாருக்க கிளாஸ்" என்றார். உங்களை அதற்கு முன் யாரும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

போன வாரம் வடசேரியில் பேங்குக்குப் போயிருந்தேன். பாஸ்புக்கில் பதிவு போடும் மெஷின் முன்னால் ஒரு பெரியவர் நின்றார். அவர் புத்தகத்தை உள்ளே விட்டார், அது வெளியே வந்தது. திருப்பி விட்டார், மறுபடியும் வெளியே வந்தது. பின்னால் நின்ற ஒருவர், கொடுங்க நான் போட்டுத் தாரேன் என்று கையை நீட்டினார். நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். தப்பா விட்டா ஒண்ணும் ஆகாது, இன்னொரு தடவை விட்டுப் பாருங்க என்று மட்டும் அவரிடம் சொன்னேன். வரிசை முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும் என்று நின்றேன். அவர் பக்கத்தை நேராக்கி மறுபடியும் விட்டார். மெஷின் இழுத்துக்கொண்டு சரசரவென்று அச்சடித்தது. அவர் புத்தகத்தை எடுத்து, எழுத்தைப் பார்த்து, தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு நடந்தார்.